மாடு சினை நிற்காததற்குத் தீவனமும் தண்ணீரும் காரணமாக இருக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கிடேரிக்கு இன்னும் சினை ஊசியே போடவில்லை. ஆனால் மடி பெருத்து, பிறப்புறுப்பும் வீங்கியிருக்கிறது. ஏன்?

முதலில் தீவன மூட்டையைத் திறந்து பாருங்கள். ஈரத்தில் கிடந்த மக்காச்சோளத்தில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை பிடித்தால் ஜீரலினோன் என்ற நஞ்சு உருவாகும். இது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் இல்லை, ஆனால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்வதால், கிடேரி பருவத்துக்கு வந்தது போலவே எல்லாம் நடக்கும். பன்றியைவிட மாடு இதைத் தாங்கும், சரி, ஆனால் மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் இதில் ஒரு பகுதியை இன்னும் வீரியமான ஆல்ஃபா ஜீரலினாலாக மாற்றிவிடுகின்றன. வெயிலில் காயவைத்து உதறிப் போட்டால் பூஞ்சைதான் போகும், நஞ்சு போகாது. அந்தத் தீவனத்தை அடியோடு நிறுத்துங்கள், சில வாரங்களில் வீக்கம் வடிகிறதா என்று கவனியுங்கள். மடி சூடாகவோ வலியோடோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பக்கத்து ஆலைக் கழிவு காரணமா?

இருக்கலாம். ஆனால் ஊசி போட்டு எத்தனை நாளில் மறுபடி பருவத்துக்கு வருகிறது என்பதை முதலில் குறித்து வையுங்கள், பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. கரு உருவானால் 16ஆம் நாள் வாக்கில் அது இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கும். அது சுரந்தால்தான் தாயின் கருப்பை, தான் சுரக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் போன்ற பொருளை அடக்கி வைக்கும். இல்லையென்றால் ப்ராஸ்டாகிளாண்டின் சினைப்பையில் முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசுவைக் கரைத்துவிடும், அது சுரக்கும், சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இறங்கிவிடும், மாடு 21 நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். அப்படிச் சரியாக 21 நாளில் வந்தால் கரு உருவாகவே இல்லை அல்லது மிகச் சீக்கிரம் அழிந்துவிட்டது. 30, 40 நாள் கழித்து வந்தால், உருவான கரு பிறகு அழிந்திருக்கலாம்.

பிளாஸ்டிக்கில் இருந்து கசியும் பிபிஏ, தாலேட் போன்றவை மாட்டின் கருமுட்டை முதிர்வதைக் கெடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். காட்மியம் என்ற கன உலோகம் புரோஜெஸ்டிரோன் சுரப்பில் கை வைக்கிறது. ஆலைப் புகை படிந்த மேய்ச்சலில் மாலிப்டினம் என்ற உலோகத் தாது கூடினால், அது பெருவயிற்றில் கந்தகத்தோடு சேர்ந்து தாமிரத்தைக் கட்டிப்போடும். முட்டையை வெளிவரச் செய்யும் எல்ஹெச் ஹார்மோன் குறையும், கிடேரிகள் பருவத்துக்கு வரவே தாமதமாகும். இதையெல்லாம் சொன்னாலும், ஒரே ஒரு மாட்டுக்குத்தான் பிரச்சினை என்றால் நான் ஆலையைச் சந்தேகிக்க மாட்டேன், ஊசி போட்ட நேரத்தையும் கருப்பைத் தொற்றையும்தான் பார்ப்பேன். ஒரே தண்ணீர் குடிக்கும் பல மாடுகள் ஒரே காலத்தில் சினை நிற்காமல் போனால் அப்போது தண்ணீரும் மேய்ச்சலும் சோதனைக்குப் போகட்டும்.

கேள்வி: வறட்சிக்குப் பிறகு தளிர்த்த சோளத்தட்டையைப் போட்டோம். ஆறு மாதச் சினை மாடு கன்று வீசிவிட்டது.

யூரியா நிறையப் போட்ட வயலா? வறட்சியில் வாடிய பயிர் மழை கண்டதும் மண்ணில் உள்ள நைட்ரேட்டை அள்ளி இழுக்கும், அதுவும் தண்டின் அடிப்பகுதியில்தான் அதிகம் சேரும். பெருவயிற்றில் அது நைட்ரைட்டாகி ரத்தத்துக்குள் போனால், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் சாக்லேட் நிறத்துக்கு மாறிவிடும். தாய் தப்பித்துக்கொண்டாலும், வயிற்றில் இருக்கும் கன்று மூச்சுக்குத் தவித்துச் செத்து, சில நாள் கழித்து வெளியே வரும். அதனால்தான் பலர் அன்றைய தீவனத்தோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. காய்ந்த எடையில் நைட்ரேட் 1 சதவீதத்தைத் தாண்டிய தீவனம் சினை மாட்டுக்கு வேண்டவே வேண்டாம். காயவைத்தாலும் குறையாது, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சைலேஜ் ஆக்கினால் ஓரளவு குறையும். எருக்குழிக் கசிவு இறங்கும் கிணற்றிலும் நைட்ரேட் இருக்கும்.

அப்புறம், தயவுசெய்து வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கன்று வீசவைக்கும் புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோயாக இருந்தால் அது உங்களுக்கும் வரும்.

கேள்வி: எப்போதோ தடை செய்த பூச்சிக்கொல்லி இப்போதும் மாட்டைப் பாதிக்குமா?

பாதிக்கும். டிடிடி பூச்சிக்கொல்லி மட்டுமல்ல, மின்மாற்றி எண்ணெயில் சேர்த்த பிசிபி, குப்பை எரியும்போது உருவாகும் டயாக்சின் எல்லாம் கொழுப்பில் தங்குபவை. மண்ணில் இருந்து புல்லோடு உள்ளே போய், மாட்டின் கொழுப்பில் வருடக்கணக்கில் கிடக்கும். கன்று ஈன்றதும் பாலுக்காக மாடு தன் கொழுப்பைக் கரைக்கும்போது அவையும் ரத்தத்துக்கு வருகின்றன. அடுத்த சினைக்கான முட்டை வளர்வதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான்! 1973ல் அமெரிக்காவின் மிச்சிகனில், தீவனத்தில் சேர்க்க வேண்டிய மெக்னீசியம் ஆக்சைடுக்குப் பதிலாக, தீப்பிடிக்காமல் இருக்கப் பொருட்களில் சேர்க்கும் பிபிபி என்ற ரசாயனம் தவறிக் கலந்துவிட்டது. பால் குறைந்தது, மாடுகள் கன்று வீசின, கடைசியில் சுமார் 30,000 மாடுகளை அழிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: நஞ்சு பட்ட காளையை எப்போது மறுபடி சினைக்கு விடலாம்?

ஒரு விந்தணு உருவாகி முடிய 61 நாள் ஆகும், பிறகு அது முதிர இன்னும் சில நாட்கள் வேண்டும். நஞ்சை நிறுத்தி இரண்டரை மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்துவிட்டு விடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

கேள்வி: கன்று வீசினால் சோதனைக்கு எதை அனுப்புவது?

கன்று, நஞ்சுக்கொடி, தாயின் ரத்தம், தண்ணீர், அன்று போட்ட தீவனம். கன்றையும் நஞ்சுக்கொடியையும் குளிரில் வைத்து அனுப்புங்கள், உறைய விடாதீர்கள். ஈரத் தீவனத்தை பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே பூஞ்சை பெருகிவிடும் என்பதால் காகிதப் பையில் போடுங்கள். மிச்சத் தீவனத்தை முடிவு வரும்வரை கொட்டிவிடாதீர்கள்.