வெப்சைட் கூகுளில் வரவில்லை, கணக்குகளும் கையில் இல்லை: எதை முதலில் செய்வது?

கேள்வி: கடைக்கு வெப்சைட் போட்டு மூன்று மாதம் ஆகிறது. கடைப் பெயரையே அடித்துத் தேடினாலும் கூகுளில் வரவில்லை. சைட் செய்து கொடுத்தவரிடம்தான் எல்லா லாகினும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் கணக்குகளை உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள். கூகுளை அதற்கப்புறம் பார்க்கலாம்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய ஒரு சைட்டுக்கு நான்கு லாகின் உண்டு: டொமைனை (சைட்டின் முகவரிப் பெயர்) விற்ற நிறுவனமான ரெஜிஸ்ட்ரார், சைட்டின் ஃபைல்கள் இருக்கும் ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் அட்மின், தேடலில் சைட்டின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல். இதில் டொமைன்தான் தாய்ப்பத்திரம் மாதிரி. அது கையில் இருந்தால் மற்ற மூன்று போனாலும் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் மற்ற மூன்று இருந்தும் பயனில்லை. எனவே அவரிடம் கேட்க வேண்டியது ஹோஸ்டிங் பாஸ்வேர்டு அல்ல, டொமைன்.

அவருடைய ரெஜிஸ்ட்ரார் கணக்கில் மற்ற வாடிக்கையாளர்களின் டொமைன்களோடு உங்களுடையதும் இருந்தால், அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கி, அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதுதான் சுலபமான வழி. வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோவதென்றால் டொமைன் லாக்கை எடுத்துவிட்டு, ஆத் கோட் என்ற இடமாற்றக் கடவுக்குறியை வாங்க வேண்டும். டாட் காம் என்றால் பதிவு செய்த முதல் 60 நாளில் இப்படி மாற்ற முடியாது. உரிமையாளர் பெயர், ஈமெயிலை மாற்றினாலும் பல ரெஜிஸ்ட்ரார்கள் இன்னொரு 60 நாள் பூட்டு போடுவார்கள். அதனால் முதலில் இடமாற்றம், பிறகு பெயர் மாற்றம். பெயர் மாற்றியதும் ஈமெயிலை உறுதி செய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். அதிலுள்ள லிங்க்கை 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் டொமைனையே நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு, ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள ஈமெயிலையே கொடுப்பது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் வந்து சேர வழியில்லை. தனி ஜிமெயில் முகவரி கொடுங்கள். ஆட்டோ ரின்யூவலையும் போட்டு வையுங்கள். டாட் காம் காலாவதியானால் ரெஜிஸ்ட்ரார் தரும் சலுகைக் காலத்துக்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அபராதக் கட்டணம் வழக்கமான புதுப்பிப்பைவிடப் பல மடங்கு. அதுவும் முடிந்தால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது சர்ச் கன்சோல். உங்கள் சைட்டைச் சேர்க்கும்போது (அங்கே அதை ‘சொத்து’ என்பார்கள்) இரண்டு பெட்டி காட்டும். இடப்பக்கம் உள்ள ‘டொமைன்’ வகையை எடுங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது, சப்டொமைன்கள் எல்லாம் ஒன்றாக அடங்கிவிடும். கூகுள் டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற ஒரு வரியைத் தரும், அதை டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான அமைப்புகளின் பட்டியல்) போட வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ரெக்கார்டைப் போட வேண்டியது டொமைன் வாங்கிய இடத்தில் அல்ல, நேம்சர்வர் (அந்தப் பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) எந்த நிறுவனத்தைக் காட்டுகிறதோ அங்கே. கிளவுட்ஃப்ளேர் போன்ற வேறு நிறுவனத்துக்கு நேம்சர்வர் மாற்றியிருந்தால், ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் எத்தனை முறை சேர்த்தாலும் கூகுள் கண்ணில் படாது. ஹோஸ்ட் என்ற கட்டத்தில் @ போட்டால் போதும். முழு டொமைன் பெயரை அடித்தால் சில பேனல்கள் கடைசியில் இன்னொரு முறை அதையே ஒட்டிவிடும். ஏற்கெனவே அங்கே மெயிலுக்கான எஸ்பிஎஃப் டிஎக்ஸ்டி ரெக்கார்டு இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். புதிது தனி வரியாக இருக்கலாம். உறுதியான பிறகும் ரெக்கார்டை எடுக்கக் கூடாது. கூகுள் அவ்வப்போது மறுபடி பார்க்கும், காணவில்லை என்றால் உரிமை போய்விடும்.

இதே காரணத்தால், பழையவரை ‘பயனர்களும் அனுமதிகளும்’ பக்கத்தில் நீக்கினால் மட்டும் போதாது. அவர் போட்ட எச்டிஎம்எல் ஃபைல், மெட்டா டேக், டிஎக்ஸ்டி ரெக்கார்டு எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிளிக்கில் மறுபடி உரிமையாளர் ஆகிவிடுவார். அவர் தொடர்ந்து வேலை பார்க்கிறார் என்றால் ‘முழுப் பயனர்’ அனுமதி கொடுங்கள், உரிமையாளர் வேண்டாம்.

இனி உங்கள் அசல் கேள்வி. சர்ச் கன்சோலின் மேலே உள்ள தேடல் பெட்டியில் முகப்புப் பக்க முகவரியைப் போட்டு யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் செய்யுங்கள். மூன்று மாதம் ஆகியும் கடைப் பெயருக்கே வரவில்லை என்றால், எனக்கு முதல் சந்தேகம் நோஇன்டெக்ஸ்தான், அதாவது ‘இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே’ என்ற குறிப்பு. வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், ரீடிங் பக்கத்தின் அடியில் இந்த சைட்டை விட்டுவிடும்படி தேடுபொறிகளிடம் சொல்லும் ஒரு டிக் பெட்டி உண்டு. சைட் கட்டும்போது அதை டிக் செய்வார்கள், திறக்கும் நாளில் எடுக்க மறப்பார்கள். எடுத்துவிட்டு, பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகின் இருந்தால் கேஷை அழித்துவிட்டு, ‘லைவ் டெஸ்ட்’ கொடுத்துப் பாருங்கள். கேஷை விட்டுவிட்டால் பழைய பக்கமே கூகுளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலில் தடை இருந்தால் அதையும் எடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ரோபாட்ஸ் தடை கூகுளை வாசலிலேயே நிறுத்துகிறது. நோஇன்டெக்ஸ் உள்ளே வந்து படித்தால்தான் தெரியும். அதனால்தான் ஒரு பக்கத்தைக் கூகுளிலிருந்து எடுக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடுபவர்களுக்கு, அந்தப் பக்கத்தின் முகவரி மட்டும் தேடலில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு சைட்மேப் (உங்கள் பக்க முகவரிகளின் பட்டியல்) கொடுங்கள். வேர்ட்பிரஸ் 5.5 முதல் தானாகவே உருவாக்குகிறது. ஒரு ஃபைலில் 50,000 முகவரி வரை போடலாம் என்பதால் கடை சைட்டுக்கு ஒன்றே தாராளம். இன்டெக்ஸ் செய்ய (தேடல் பட்டியலில் சேர்க்க) கேட்கும் பட்டனை ஒரு பக்கத்துக்கு ஒரு முறை அழுத்தினால் போதும், திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகம் கூடாது. ‘கண்டறியப்பட்டது, இன்டெக்ஸ் ஆகவில்லை’ என்றால் கூகுள் இன்னும் படிக்கவில்லை. முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். ‘படிக்கப்பட்டது, இன்டெக்ஸ் ஆகவில்லை’ என்றால் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே மாற்ற வேண்டியது பக்கத்தின் உள்ளடக்கம். பக்கத்துக்குள் மறைவாகப் போடும் மெட்டா கீவேர்டு நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கூகுள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தலைப்பைத் தமிழில் போட்டால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே எடுக்கும். அதை உள்ளே சதவீதக் குறிகளாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடு, ஆக 45 எழுத்து. முகவரிக்கான இடம் 200 எழுத்துதான். நான்கைந்து சொல்லுக்குள் இடம் தீர்ந்து பாதியில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தாலும் அரைப் பக்கக் குறிகளாக நீளும். தமிழ் முகவரியைக் கூகுள் நன்றாகவே படிக்கும். ஆனாலும் வெளியிடும் முன்பே இரண்டு சொல்லுக்குச் சுருக்குங்கள், அல்லது ஆங்கில எழுத்தில் கொடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாக அனுப்பும் 301 ரீடைரக்ட் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் ஒரே கூகுள் கணக்கில் தொங்குவதால் அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளை அச்செடுத்து டொமைன் ரசீதோடு பீரோவில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் வழி. சர்ச் கன்சோலுக்கென்று தனி ஜிமெயில் தொடங்கினால் அதையும் அவ்வப்போது திறந்து பாருங்கள், 2 ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கலாம். வீட்டிலோ கடையிலோ நம்பிக்கையான இன்னொருவரையும் உரிமையாளராகச் சேர்த்து வையுங்கள்.

‘உங்கள் தேடுபொறிப் பதிவு முடிகிறது, உடனே பணம் கட்டுங்கள்’ என்று ஒரு மெயில் எப்போதாவது வரும். கூகுளில் இருக்கக் கட்டணமே கிடையாது. லிங்க்கைத் தொடாமல், ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நேரடியாக லாகின் செய்து டொமைன் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள்.