நகர நிர்வாகத்தில் வொர்க்கர்ஸ் காம்ப் வேலை: மகளை அனுப்பத் தயங்கும் தாய்க்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பொது நிர்வாகத்தில் முதுகலை முடிக்கப்போகிறாள். கலிஃபோர்னியாவில் ஒரு நகர நிர்வாகத்திலிருந்து வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையில் அடிபடும் ஊழியர்களுக்கான இழப்பீட்டுப் பிரிவில், தரவை ஆராயும் அனலிஸ்ட் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது, அவளும் போக ஆசைப்படுகிறாள். நீங்களோ, "அடிபட்டவர்களின் மருத்துவ பில்லை எண்ணிக்கொண்டு உட்காரவா இவ்வளவு படிக்கவைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிச் சரியாகச் சொல்ல ஆளில்லாததால் வந்த பயம் இது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அதன்பிறகு நீங்களும் மகளும் முடிவெடுங்கள்.

ஒரு நகர நிர்வாகத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். போலீஸ், தீயணைப்பு வீரர்கள், குப்பை வண்டியில் போகிறவர்கள், பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர்கள், பூங்காவில் மரம் வெட்டுகிறவர்கள், பஸ் ஓட்டுநர்கள், நூலகர்கள். ஒரே முதலாளியிடம் இத்தனை விதமான ஆபத்துள்ள வேலைகள் இருப்பது தனியார் துறையில் அபூர்வம். அமெரிக்காவில் வேலையில் உயிரிழப்பு விகிதம் மிக அதிகமாக உள்ள பத்துத் தொழில்களின் பட்டியலில் குப்பை சேகரிப்பு வருடாவருடம் இடம்பெறுகிறது. இவர்களில் ஒருவருக்கு வேலையில் அடிபட்டால் யாருடைய தவறு என்று கேட்காமல் சிகிச்சைச் செலவையும், வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியையும் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, சில விதிவிலக்குகள் தவிர, தொழிலாளி முதலாளிமீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. இந்த ஒப்பந்தம்தான் வொர்க்கர்ஸ் காம்ப்.

தனியார் துறைக்கும் நகர நிர்வாகங்களுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் என்று இதில் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். விஸ்கான்சின் 1911ல் தொடங்கியது, மிசிசிப்பி கடைசியாக 1948ல் வந்தது. கலிஃபோர்னியாவில் 1913ல் கட்டாயமானது. மாநிலத்துக்கு மாநிலம் கெடு வேறு, தொகை வேறு, படிவம் வேறு. இதை உங்கள் மகள் முதல் நாளிலிருந்தே மனதில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு மாநிலத்தில் அவள் கற்றுக்கொள்ளும் சட்டம் அடுத்த மாநிலத்தில் அப்படியே செல்லாது. கற்றுக்கொள்ளும் பழக்கம் மட்டும் எங்கேயும் கூட வரும்.

பில் எண்ணும் வேலை என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்று பார்ப்போம். குப்பை வண்டித் தொழிலாளி ஒருவருக்குத் தோள்பட்டைத் தசைநார் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரச் சம்பளம் 1,200 டாலர். தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை பொதுவாக அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 800 டாலர். அதற்கு வரி இல்லை. விபத்து தெரியவந்த ஒரு வேலை நாளுக்குள் க்ளெய்ம் எனப்படும் இழப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தை நகரம் அவர் கையில் கொடுக்க வேண்டும். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே 10,000 டாலர் வரை சிகிச்சைக்கு அனுமதிக்க வேண்டும். 90 நாளுக்குள் மறுக்காவிட்டால், அது வேலையால் வந்த காயம்தான் என்று சட்டமே கருதிக்கொள்ளும். இதெல்லாம் கலிஃபோர்னியாவின் விதிகள்.

விதிகளை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம், அம்மா. எல்லாம் தீர்மானமாவது முதல் போன் அழைப்பில். தோள் கிழிந்த அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து என்ன நினைப்பார்? "வாடகை எப்படிக் கட்டுவேன், வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா, இந்தக் கை இனித் தூக்குமா?" யாராவது உடனே கூப்பிட்டு, "எந்த மருத்துவரைப் பார்க்கணும், முதல் காசோலை எப்போ வரும், அடுத்து என்ன நடக்கும்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டால் அவர் பாதி தேறிவிடுவார். இரண்டு வாரம் ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் டிவி விளம்பரத்தில் வரும் வக்கீலை அவர் கூப்பிடுவார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதன்பிறகு எல்லாக் கேள்வியும் எழுத்தில் போகும், சிகிச்சை இழுக்கும், செலவு ஏறும், மனிதர் வேலைக்குத் திரும்பும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். தொழிலாளியிடம் காட்டும் அக்கறையும் நகரத்தின் பணத்தைக் காப்பதும் எதிரெதிர் திசைகள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலான க்ளெய்ம்களில் இரண்டும் ஒரே வழியில்தான் போகின்றன. இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் இந்தத் துறையில் மேலே வருகிறார்கள்.

மேலாளர் நிலைக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய நகரங்கள் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசி வாங்குவதில்லை. சுய காப்பீடு என்று தாங்களே பொறுப்பேற்கின்றன, மிகப் பெரிய இழப்புகளுக்கு மட்டும் மேலதிகக் காப்பீடு வைத்துக்கொள்கின்றன. சிறு நகரங்கள் பல சேர்ந்து ஒரு கூட்டு நிதி வைத்துக்கொள்ளும். க்ளெய்ம்களை விசாரித்துக் கையாளும் அலுவலர்களான அட்ஜஸ்டர்களைச் சொந்தமாக வைப்பதும் உண்டு, டிபிஏ எனப்படும் வெளி நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைப்பதும் உண்டு. ஒப்படைத்தால் அந்த நிறுவனம் ஒழுங்காகச் செய்கிறதா என்று கோப்புகளை எடுத்துத் தணிக்கை செய்வது மேலாளரின் பொறுப்பு.

அவருடைய கஷ்டமான வேலை ரிசர்வ். ஒவ்வொரு க்ளெய்மும் முடியும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுத் தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். 35 வயதில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் மருத்துவம் தேவைப்படலாம். இன்றைக்குக் குறைத்து மதிப்பிட்டால் இந்த வருட பட்ஜெட் அழகாகத் தெரியும், பத்து வருடம் கழித்து பற்றாக்குறை வேறொருவர் தலையில் விழும். வழக்கைச் சமரசத்தில் முடிக்கும்போதும் இதே கேள்விதான் வரும். எதிர்கால மருத்துவத்தைத் திறந்தே வைப்பதா, காம்ப்ரமைஸ் அண்ட் ரிலீஸ் என்று ஒரே தொகையைக் கொடுத்துக் கணக்கை மூடுவதா? நகரத்துக்குச் சௌகரியமானது அந்தத் தொழிலாளிக்கு நல்லதா என்றும் யோசிக்கத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

போலீஸும் தீயணைப்பும் தனி உலகம். கலிஃபோர்னியாவில் இவர்களுக்கு அடிபட்டால் மூன்றில் இரண்டு பங்கு இல்லை, ஒரு வருடம் வரை முழுச் சம்பளம். தீயணைப்பு வீரருக்குப் புற்றுநோய் வந்தால், தகுந்த மறுப்புச் சான்று இல்லாதவரை, வேலையால் வந்தது என்றே கருதும் சட்டம் அங்கே 1982 முதல் இருக்கிறது. பணி செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் மூன்று மாதம் என்று, அதிகபட்சம் 120 மாதம் வரை, ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பாதுகாப்பு நீளும். 2020 முதல் மனஅழுத்தப் பாதிப்பான பிடிஎஸ்டிக்கும் இதுபோன்ற சட்டம் வந்திருக்கிறது. என்றோ ஓய்வுபெற்றவரின் மனைவி நோய் அறிக்கையோடு போன் செய்வார். அந்தப் பேச்சைப் பேச ஒரு முதிர்ச்சி வேண்டும். உங்கள் மகளுக்கு அது இன்றைக்கே இருக்க வேண்டியதில்லை, வளர்த்துக்கொள்ள மனமிருந்தால் போதும்.

அவளுடைய படிப்பு வீணாகுமா என்பதுதான் உங்கள் மனதில் அதிகம் உறுத்துகிறது. அனலிஸ்ட் வேலையில் முதலில் அவள் கைக்கு வருவது காயங்களின் தரவு. எந்தத் துறை, எந்த வேலை, எந்த உறுப்பு, எந்த நேரம், சேர்ந்து எவ்வளவு நாளானவர் என்று அதில் இருக்கும். தோள்பட்டைக் காயம் எல்லாம் தொட்டியைக் கையால் தூக்கிக் கொட்டும் பாதைகளிலிருந்தே வருகிறது என்று அவள் கண்டுபிடித்தால், இயந்திரக் கை பொருத்திய வண்டி வாங்கும் செலவை அதற்கு எதிரில் வைத்து நகர மன்றத்துக்குக் கணக்குக் காட்ட முடியும். அடுத்த வருடம் சில தோள்கள் கிழியாமல் இருக்கும். பொது நிர்வாகம் படித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை சொல்லுங்கள் என்றால் நான் யோசிக்கத்தான் வேண்டும். இன்னொன்று, மத்திய அரசின் பாதுகாப்பு ஆணையமான ஓஷாவின் நேரடி அதிகாரம் நகர ஊழியர்கள்மேல் கிடையாது. கலிஃபோர்னியாபோலத் தனித் திட்டம் வைத்திருக்கும் மாநிலங்களில் மாநில ஆணையம் பார்த்துக்கொள்ளும். அப்படி இல்லாத இடங்களில் இந்தத் தரவைக் கையில் வைத்திருப்பவரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

குறைகளையும் மறைக்க மாட்டேன். அட்ஜஸ்டராக இருந்தால் கோப்புகள் குவியும், கோபமான குரல்களைத் தினம் கேட்க வேண்டியிருக்கும். யூனியன் ஒரு பக்கம், துறைத் தலைவர்கள் ஒரு பக்கம், நிதி அதிகாரி ஒரு பக்கம் இழுப்பார்கள். தொழில்நுட்பத் துறையில் இருக்கும் அவளுடைய தோழிகளின் சம்பளம் தொடக்கத்தில் இங்கே வராது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். க்ளெய்ம் அட்ஜஸ்டர் வேலைகள் மொத்தமாகக் குறையும் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை கணிக்கிறது. சாதாரணச் சிராய்ப்பு, ஒரே ஒரு மருத்துவர் பில் போன்றவை கணினிக்குப் போய்விடும் என்பது என் எண்ணமும்கூட. தோள் கிழிந்தவரிடம் பேசுவதும், ரிசர்வ் தீர்மானிப்பதும், மன்றத்துக்கு விளக்குவதும் போகாது. அதனால் அனலிஸ்டாக நுழைவது அவளுக்கு நல்லதுதான். ஆனால் தரவோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்காமல், இரண்டு வருடமாவது நேரடியாக க்ளெய்ம் கோப்புகளைக் கையாள அவள் கேட்டு வாங்க வேண்டும். கோப்பைத் தொடாத மேலாளரை அட்ஜஸ்டர்கள் நம்புவதில்லை.

தகுதிகளைப் பொறுத்தவரை சட்டப் படிப்பு அவசியமில்லை. ஏஆர்எம் என்ற ரிஸ்க் மேனேஜ்மென்ட் சான்றிதழை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். கலிஃபோர்னியாவில் சுய காப்பீட்டு க்ளெய்ம்களை நிர்வகிப்பவர்களுக்கு மாநிலமே ஒரு தேர்வு நடத்துகிறது. மகள் அங்கேயே தங்குவதென்றால் அதை முதலில் முடிக்கட்டும். மருத்துவ அறிக்கையை வாசிக்கும் பழக்கமும், எளிய மொழியில் கடிதம் எழுதும் பழக்கமும் எந்தச் சான்றிதழுக்கும் குறைந்தவை இல்லை. அந்த மாநிலத்தில் ஸ்பானிஷ் தெரிந்தால் கூடுதல் பலம்.

வேறு நகரங்களில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். இதே வேலை லாஸ் ஏஞ்சலஸில் பணியாளர் துறையில் இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோவில் மனிதவளத் துறையில், நியூயார்க்கில் சட்டத் துறையில். சிகாகோவில் 2019 வரை நகர மன்றத்தின் நிதிக் குழுவே இதை நடத்தியது, அந்த வருடம்தான் நிர்வாகத்தின் நிதித் துறைக்கு மாறியது. துறையின் பெயரை வைத்துத் தேடினால் பாதி விளம்பரங்கள் கண்ணில் படாது. எந்தத் துறைக்குக் கீழே இருக்கிறது என்பது வேலையின் குணத்தையும் மாற்றும். சட்டத் துறையில் வழக்கு முன்னால் நிற்கும், மனிதவளத்தில் வேலைக்குத் திரும்பவைப்பது முன்னால் நிற்கும்.

உங்கள் மகள் அங்கேயே பிறந்தவள் என்பதால் விசா பிரச்சினை இல்லை. இதை வாசிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒரு வார்த்தை: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்கள் இதையே முதல் வேலையாக நம்பியிருக்க வேண்டாம். பல்கலைக்கழகங்களுக்கு உள்ளதுபோல நகர நிர்வாகங்களுக்கு எச்-1பி என்ற வேலை விசாவின் எண்ணிக்கை வரம்பிலிருந்து பொதுவான விலக்கு கிடையாது, ஸ்பான்சர் செய்ய முன்வருகிறவையும் குறைவு. அவர்கள் டிபிஏ நிறுவனங்களிலோ காப்பீட்டு நிறுவனங்களிலோ தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் மகள் அந்த நகரத்திடம் சில விஷயங்களைக் கேட்கட்டும். ஒரு அட்ஜஸ்டர் கையில் எத்தனை கோப்புகள்? அடிபட்டவரை எத்தனை மணி நேரத்துக்குள் கூப்பிடுகிறீர்கள்? அடிபட்டவர் குணமாகும்வரை செய்யக்கூடிய இலகுவான வேலையை எல்லாத் துறைகளும் தருகின்றனவா, அல்லது "முழுசாக குணமானால் வா" என்று அனுப்பிவிடுகின்றனவா? க்ளெய்ம்களின் எதிர்காலச் செலவை மதிப்பிடும் ஆக்சுவரி அறிக்கையில் கடைசியாக வந்ததை வாசிக்கக் கொடுப்பீர்களா? நகரங்களில் அந்த அறிக்கை பெரும்பாலும் பொது ஆவணம்தான், கேட்பதில் தப்பில்லை. கோப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கினாலோ, முதல் அழைப்பைப் பற்றிய கேள்வியே அவர்களுக்குப் புதிதாக இருந்தாலோ, அந்த நகரம் வேண்டாம், வேறு நகரத்தில் இதே வேலையைத் தேடலாம் என்று நானே சொல்லுவேன். பதில்களை வாங்கியதும் எனக்கு எழுதச் சொல்லுங்கள், சம்பள விவரத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.