மயானத்தில் கேட்கும் காகிதம் எது?

கேள்வி: என் அம்மாவுக்கு 86 வயது. திருச்சியில் என் வீட்டில் ஆறு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டிலேயே காலமானால், இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எரிவாயு மயானத்தில் உடலை ஏற்க மாட்டார்கள், அதனால் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா? அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. நான் ஒரே பெண். கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை.

பதில்: முதலில் பக்கத்து வீட்டு யோசனையைத் தள்ளி வையுங்கள். முப்பது வருஷம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். இறப்புப் பதிவேடு என் மேஜையில்தான் இருந்தது. இந்த யோசனையைக் கேட்டு மாட்டிக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. உயிர் போன பிறகோ போகிற வழியிலோ ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால், 'இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்' என்று எழுதிவிடுவார்கள். நோயாளியை முன்பின் பார்த்திராத டாக்டர் காரணம் எழுதத் தயங்குவார். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். பிரேதப் பரிசோதனை என்பார்கள். 86 வயதில் நிம்மதியாகப் போனவரைப் பிணவறையில் கிடத்திவிட்டு நீங்கள் வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும். சிகிச்சைக்காகக் கொண்டுபோவது வேறு, காகிதத்துக்காகக் கொண்டுபோவது வேறு.

இறப்புச் சான்றிதழ் என்பது பதிவான பிறகு கிடைப்பது. எரிப்பதற்கு முன்னால் அதை யாராலும் காட்ட முடியாது. மயானத்தில் கேட்பது டாக்டர் கையெழுத்திட்ட இறப்புக் காரணச் சான்று. வீட்டில் நடந்த மரணத்துக்கு அது படிவம் 4ஏ. ஆஸ்பத்திரி மரணத்துக்குப் படிவம் 4. கூடவே இறந்தவரின் ஆதார் நகல், உங்கள் ஆதார் நகல். இயற்கை மரணத்துக்கு இவ்வளவுதான். விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் போலீஸ் இல்லாமல் நகராது. அது உங்கள் கதை இல்லை.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவைப் பார்க்கும் டாக்டரை மாதம் ஒரு முறையாவது வீட்டுக்கு வரவழையுங்கள். மருந்துச் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கடைசி நோயில் பார்த்த டாக்டர் இந்தச் சான்றைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. வந்துபோன ஃபீஸ் வேறு, அதைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வருஷமாகப் பார்க்காத டாக்டரிடம் போய் நின்றால் அவர் மறுப்பார். மறுப்பதும் நியாயம்தான்.

அந்த இடைவெளியில்தான் அமரர் ஊர்தி வண்டிக்காரர் நுழைவார். ஃப்ரீசர் பெட்டி, ஊர்தி, மாலை, பறை என்று பேசிக்கொண்டே வந்து, 'சர்டிபிகேட்டையும் நானே வாங்கித் தர்றேன் மேடம், ஒரு கையெழுத்துதானே' என்பார். உடலைக் கண்ணால் பார்க்காத ஒரு டாக்டரின் லெட்டர்பேடில் 'இதயம் நின்றது' என்று ஒற்றை வரி வரும். இதயம் நிற்காமல் யார் சாகிறார்கள்? அது காரணமே இல்லை என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், வயது கூடியிருக்கும். அந்தக் காகிதத்தில் உள்ள பிழை பதிவில் ஏறினால், வங்கியிலும் வாரிசுச் சான்றிலும் அதுவே திரும்பத் திரும்ப உங்களைத் துரத்தும். ஒரு எழுத்தைத் திருத்த எட்டு முறை நடந்தவரை எனக்குத் தெரியும். நடக்க வைத்தது என் துறைதான்; அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு. வண்டிக்காரரிடம் வண்டி மட்டும் பேசுங்கள். மயானக் கட்டணத்தை அலுவலகத்தில் நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் காலமானால் 155377-க்குக் கூப்பிட்டால் இலவச அமரர் ஊர்தி உண்டு. அந்த எண்ணைத் தரகர் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

இப்போது பேஸ்மேக்கர். கேள்வியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிது. அதனுள் இருப்பது லித்தியம் பேட்டரி. இறுக மூடிய டப்பா சூட்டில் வெடிக்கும். உலை வாசலில் நிற்கும் பணியாளருக்குக் காயம், உள்ளே செங்கல் பெயரும். விறகில் எரித்தாலும் வெடிக்கத்தான் செய்யும். புதைப்பதானால் கவலை இல்லை. இங்கே மயானத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறவர் யாரும் கிடையாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். உடல் வீட்டில் இருக்கும்போதே டாக்டரை வைத்து எடுத்துவிட வேண்டும்: மார்பின் மேற்பகுதியில், காறை எலும்புக்குக் கீழே சின்னக் கீறல், சில நிமிட வேலை. சான்று தரும் டாக்டரிடமே இன்றைக்குப் பேசி, அவரே எடுப்பாரா, வேறு ஆளை அனுப்புவாரா என்று கேட்டு வையுங்கள். எடுத்ததை ஒரு வரி எழுதியும் வாங்குங்கள். சிலருக்கு ஷாக் கொடுக்கும் வகைக் கருவி இருக்கும். அதை முதலில் அணைக்காமல் தொட்டால் எடுப்பவருக்கே ஷாக் அடிக்கும். உங்கள் அம்மாவுடையது எந்த வகை என்று கருவியோடு கொடுத்த அட்டையில் இருக்கும். அந்த அட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்டென்ட், மூட்டுக்கு வைத்த உலோகம் எல்லாம் அப்படியே இருக்கலாம், சாம்பலோடு வந்துவிடும்.

தகனம் முடிந்ததும் தரும் ரசீதைச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பதிவுக்கு அது உதவும். பாலிசி எடுத்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்தால் காப்பீட்டுக்காரர்களும் கேட்பார்கள். 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. 30 நாள் வரை கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் போனால் அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று போய்க்கொண்டே இருக்கும். மயானத்தில் எழுதிக்கொண்டார்களே, பதிவாகியிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். தகவல் தரும் கடமை மயானத்துக்கும் உண்டு, வீட்டுக்கும் உண்டு. இருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைப்பதால்தான் பல மரணங்கள் தாமதமாகப் பதிவுக்கு வரும். பதிவு, உயிர் போன ஊரில். உடலைச் சொந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோய் எரித்தாலும் பதிவு திருச்சி மாநகராட்சியில்தான். அந்த ஊர் விஏஓவிடம் போய் நிற்காதீர்கள்.

கொள்ளி விஷயம். பெண் கொள்ளி வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மயானப் பதிவேட்டில் 'உறவு' என்ற கட்டத்தில் 'மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நானே அப்படி நிறைய பேருக்குப் பேனா கொடுத்திருக்கிறேன்.