சாவி மச்சினன் கையில், பாலிசி உங்கள் பேரில்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் எட்டுத் தறி ஓட்டுகிறேன். 2018-ல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் வாங்கினேன், சிவப்பு. அடுத்த மாதம் 14-ஆம் தேதி இன்சூரன்ஸ் முடிகிறது, புதுப்பிக்க 16,200 ரூபாய் கேட்கிறார்கள். என் பங்காளிக்கும் இதே வண்டி, இதே வருஷம், வெள்ளை. அவருக்கு 10,300தான். சிவப்பு வண்டிக்கு ப்ரீமியம் அதிகம் என்கிறார்கள், நிஜமா? என் வண்டி கோவை ரிஜிஸ்ட்ரேஷன், அவருடையது ஈரோடு. அதனாலா? வண்டி பழசாகிவிட்டதால் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் போதுமா? கிலோமீட்டருக்குத் தகுந்த மாதிரி ப்ரீமியம் கட்டும் திட்டம் ஒன்றை ஆப்பில் பார்த்தேன், எடுக்கலாமா? மூன்று வருஷமாகச் சின்னச் சின்ன க்ளெய்ம் மூன்று போட்டிருக்கிறேன். மூன்றுமே மச்சினன் எடுத்துப்போனபோது பட்டது. முகூர்த்த நாளில் மட்டும் அவர் வண்டியை எடுத்துப் போவார். கல்யாண பார்ட்டிக்கு ஓட்டி, கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்கித் தன் ஃபைனான்ஸ் டியூவைக் கட்டிக்கொள்கிறார். மாசம் 8,000 கொடுக்கிறேன், வண்டியையே எனக்குக் கொடுத்துவிடுங்கள், பேரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் கேட்கிறார். நல்ல பையன், மறுக்க மனசு வரவில்லை.

பதில்: ப்ரீமியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, உங்கள் தறியையும் தோட்டத்தையும் முழுங்கக்கூடிய விஷயத்தைக் கடைசி நான்கு வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இருந்தாலும் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

நிறத்துக்கும் ப்ரீமியத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெளிநாட்டிலிருந்து கிளம்பி வந்த கதை இது, அங்கேயும் கதைதான். ஊரும் காரணம் இல்லை. கார் இன்சூரன்ஸில் நாட்டை இரண்டு மண்டலமாகத்தான் பிரித்திருக்கிறார்கள். சென்னை, பெங்களூரு, மும்பை மாதிரி எட்டுப் பெருநகரங்கள் ஒன்று, மிச்சம் எல்லாம் இன்னொன்று. கோவையும் ஈரோடும் ஒரே மண்டலம். உங்கள் பங்காளிக்கும் உங்களுக்கும் உள்ள ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம் முழுக்க அந்த மூன்று க்ளெய்மில் இருக்கிறது.

தேர்டு பார்ட்டி ப்ரீமியம், அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான பங்கு, அரசு நிர்ணயிப்பது. 1000 முதல் 1500 சிசி வரை உள்ள சொந்த உபயோகக் காருக்கு 2022 ஜூனில் வைத்தது 3,416 ரூபாய். ஒரு க்ளெய்மும் போடாதவருக்கும் அதே தொகை, உங்களுக்கும் அதே தொகை. ஏறி இறங்குவது வண்டியின் சொந்த சேதத்துக்கான பங்கு மட்டும்தான். க்ளெய்ம் போடாத வருஷங்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் கழிவதும் அதில்தான். முதல் வருஷம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவதில் 50. ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

உங்கள் வண்டிக்குச் சொந்த சேதப் பங்கு, போனஸ் கழிக்காமல், சுமார் 10,000 ரூபாய் வருகிறது. வருஷா வருஷம் கொஞ்சம் மாறும், கணக்குக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் க்ளெய்ம் போடாமல் 50 சதவீதத்துக்கு வந்த நேரத்தில்தான் முதல் க்ளெய்மைப் போட்டிருக்கிறீர்கள். போடாமல் இருந்திருந்தால் வருஷம் 5,000 கட்டியிருப்பீர்கள். கட்டுவது 10,000. இந்தப் புதுப்பித்தலையும் சேர்த்து மூன்று வருஷத்துக்கு 15,000 போயிற்று. இனிமேல் ஒரு கீறலுக்கும் க்ளெய்ம் போடாமல் படி ஏறினாலும், பழைய இடத்துக்கு வருவதற்குள் இன்னும் 7,500 போகும். ஆக 22,500. பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் இருபத்தாறாயிரத்து ஐநூறு.

கம்பெனியிடமிருந்து வாங்கியது எவ்வளவு? நீங்கள் அனுப்பிய பில்லை வைத்துப் பார்த்தால் முதலில் 5,200, அப்புறம் 4,600, கடைசியாக 6,900. மொத்தம் 16,700. பத்தாயிரம் ரூபாய் கைநஷ்டம். அதுபோக பின் பம்பர் பில் 8,200 வந்தபோது பிளாஸ்டிக், பெயின்டுக்குத் தேய்மானக் கழிவு 2,000, வண்டிக்காரரே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு 1,000 என்று மூவாயிரம் நீங்களே கையைவிட்டுக் கட்டியிருக்கிறீர்கள். மச்சினன் ஒரு ரூபாய் கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. "இன்சூரன்ஸ் இருக்குதில்லீங்க மச்சான், க்ளெய்ம் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருப்பார். பல வீட்டில் கேட்ட பேச்சுதான்.

போனஸ் வண்டியோடு ஒட்டியது இல்லை, உங்களோடு வருவது. நாளைக்கு இந்த வண்டியை விற்றுப் பத்து லட்சத்தில் புது வண்டி எடுத்தால், க்ளெய்ம் போடாமல் இருந்திருந்தால் அந்த 50 சதவீதத்துக்குக் கம்பெனியிடம் கடிதம் வாங்கி மூன்று வருஷத்துக்குள் புது வண்டியில் போட்டுக்கொண்டிருக்கலாம். புது வண்டியில் சொந்த சேதப் பங்கு பெரிது, கழிவும் அந்த அளவுக்குப் பெரிது. பம்பர் கீறலுக்காக விட்டது அதைத்தான்.

உங்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இப்போது பூஜ்யத்தில் இருக்கிறீர்கள், ஒரு க்ளெய்ம் போட்டால் வரும் வருஷங்களில் சேர்ந்து நஷ்டம் ஏறக்குறைய 6,000. அதற்குக் குறைவான வேலையைப் பட்டறையில் டிங்கரிங், பெயின்டிங் பார்த்துக் கையிலிருந்து கட்டுங்கள். மறுபடி 50 சதவீதத்துக்கு ஏறிய பிறகு அந்தக் கோடு பதினைந்தாயிரம் ஆகிவிடும். ஏஜென்ட் யாராவது, வேறு கம்பெனிக்கு மாறி "க்ளெய்மே இல்லை" என்று எழுதி 50 சதவீதம் வாங்கித் தருகிறேன் என்றால் வெளியே அனுப்புங்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும். பொய் தெரியவந்தால் பெரிய க்ளெய்ம் வரும் நாளில் கையை விரிப்பார்கள்.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா என்றால், போதாது. பதினோராயிரத்துச் சொச்சம் மிச்சமாகும், மூன்றரை லட்ச ரூபாய் வண்டி கவரேஜ் இல்லாமல் நிற்கும். அதைவிட முக்கியம், வண்டிக்குள் உட்கார்ந்து வரும் உங்கள் மனைவி, குழந்தைகள், அப்புச்சி யாரும் அந்தப் பாலிசியில் மூன்றாம் நபர் கிடையாது. முழு பாலிசியில்தான் வண்டிக்குள் இருப்பவர்களுக்கான பொறுப்பும் அடங்கும். தேர்டு பார்ட்டி என்றால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிலோமீட்டர் கணக்குத் திட்டத்தை 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் அனுமதித்தது. அன்றிலிருந்து ஆப்பைத் திறந்தால் அந்த விளம்பரம்தான். வருஷம் ஐந்தாறாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாத ரிட்டயர்டு வாத்தியாருக்கு அது சரி. உங்கள் வண்டி வருஷம் பதினெட்டாயிரம் ஓடுகிறது, அதில் பாதி நீங்கள் ஓட்டியதே இல்லை. ஆவணியிலும் தையிலும் சிவன்மலை, சென்னிமலை, பழனி என்று மச்சினன் ஓட்டிய தூரத்தை ஓடோமீட்டரே எழுதி வைத்துவிடும். உங்களுக்கு அது வேண்டாம். மூன்று மாசம் கழித்து இன்னொன்றைக் கொண்டுவருவார்கள், அதையும் கண்டுகொள்ளாதீர்கள்.

இனி மச்சினன்.

மச்சினனுக்கு வண்டி கொடுப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. சொந்தக்காரர் மட்டும் ஓட்டினால்தான் இன்சூரன்ஸ் செல்லும் என்பது இன்னொரு கட்டுக்கதை. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம், பாலிசி வண்டியைத் தொடரும். அவர் உங்கள் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது வேறு. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு கல்யாண பார்ட்டியை ஏற்றுவது வேறு. உங்கள் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்ற பத்தியைப் படியுங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது இந்த பாலிசியில் சேராது என்று அச்சடித்திருக்கும். வெள்ளை போர்டில் காசு வாங்கி ஓட்டினால் பர்மிட் இல்லாமல் ஓட்டிய கணக்கு. ஆர்டிஓ பிடித்தால் 10,000 ரூபாய் அபராதம். அது சின்ன விஷயம்.

வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மைக் கம்பெனி மறுக்கலாம், அல்லது வெட்டிக் கொடுக்கலாம். அதையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. காங்கேயம் ரோட்டில் விடியற்காலை முகூர்த்தத்துக்குப் போகும்போது மச்சினன் கண் அசந்து, பின் சீட்டில் இருந்தவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 33, மாசம் 25,000 சம்பாத்தியம், அவரை நம்பி மனைவி, இரண்டு குழந்தை, தாய். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும் தெரியுமா? வருஷ வருமானம் 3 லட்சம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 4.20 லட்சம். அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 3.15 லட்சம். அந்த வயதுக்கு 16-ஆல் பெருக்கினால் 50.40 லட்சம். இதர இனங்கள் தனி.

கம்பெனி என்ன சொல்லும்? "வாடகைக்கு ஓட்டினார்கள், பாலிசி விதி மீறல்" என்று சொல்லும். அது எடுபட்டால் முழுத் தொகையும் வண்டி உரிமையாளர் தலையில். கொஞ்சம் இரக்கப்பட்டு, கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போட்டாலும், வசூலிக்க வருவது உங்கள் வீட்டுக்குத்தான். மச்சினன் பேரில் என்ன இருக்கிறது? ஃபைனான்ஸ் டியூ இருக்கிறது. உங்கள் பேரில் எட்டுத் தறியும் கிணறும் தோட்டமும் இருக்கிறது.

மச்சினன் குடும்பத்தையும் யோசியுங்கள். பாலிசியோடு வாங்கியிருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர்-ஓட்டுநரான உங்களுக்கு மட்டும். அவர் ஓட்டி, அவர் தப்பாலேயே அவருக்கு ஒன்று ஆனால் அந்தப் பதினைந்து லட்சம் அவர் வீட்டுக்குப் போகாது, மூன்றாம் நபர் இழப்பீடும் வராது. உங்கள் மனைவியின் தம்பி என்பதால்தான் சொல்கிறேன். பத்து முகூர்த்தத்தில் கிடைக்கும் காசுக்கு இது பெரிய விலை.

அடுத்தது மாசம் எட்டாயிரம் யோசனை. "பேரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்பதுதான் கடிதத்திலேயே எனக்குப் பயமான வாக்கியம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது. அந்த வழக்கில் ஆர்சிக்காரர் வண்டியை விற்று, அது பல கை மாறிய பிறகுதான் விபத்து நடந்தது. அப்படியும் தப்ப முடியவில்லை. காசு வாங்கிக்கொண்டு பேரை மாற்றாமல் விடுவது, வண்டியை விட்டுக்கொடுத்துப் பொறுப்பை மட்டும் வைத்துக்கொள்வது. ஃபைனான்ஸ்காரரே அப்படிச் செய்யமாட்டார்.

கொடுப்பதாக இருந்தால் விலை பேசி விற்றுவிடுங்கள். பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, நீங்களே ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து, புது ஆர்சி அவர் பேரில் வந்ததைக் கண்ணால் பாருங்கள். பதினான்கு நாளுக்குள் அவர் பாலிசியைத் தன் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றும் வரை தேர்டு பார்ட்டி மட்டும் வண்டியோடு போகும், சொந்த சேதம் போகாது. உங்கள் போனஸ் போகவே போகாது. இப்போது பூஜ்யம்தான் என்பதால் கவலைப்பட ஒன்றும் இல்லை. கல்யாண பார்ட்டிக்கு ஓட்டித்தான் பிழைக்கவேண்டும் என்றால் மஞ்சள் போர்டுக்கு மாற்றி, பர்மிட் எடுத்து, வாடகை வண்டிக்கான பாலிசி போட்டு ஓட்டட்டும். ப்ரீமியம் அதிகம் வரும். அது அவர் தொழில் செலவு. தறிக்கு கரண்ட் பில் கட்டுகிறீர்கள் அல்லவா, அந்த மாதிரி.

14-ஆம் தேதி தாண்டவிடாதீர்கள். தாண்டினால் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் புதுப்பிப்பார்கள், தொண்ணூறு நாள் தாண்டினால், போனஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த உரிமையும் போய்விடும். இந்த முறை முழு பாலிசியே போடுங்கள். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் என்ற கூடுதல் கவரைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். உங்கள் வண்டி வயதுக்குப் பல கம்பெனிகள் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் அதில் போடுவதும் க்ளெய்ம்தான், போனஸ் போவது போவதுதான்.

வருகிற 3-ஆம் தேதி முகூர்த்தம், மச்சினன் சொல்லி வைத்திருக்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அன்றைக்குச் சாவி வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். பார்ட்டிக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத் திருப்பூரிலிருந்து ஒரு மஞ்சள் போர்டு வண்டியைப் பேசிக் கொடுக்கச் சொல்லுங்கள். மறுக்க மனசு வராவிட்டால் அந்த ஒரு நாள் வாடகை வித்தியாசத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஆயிரம் இரண்டாயிரம்தான் ஆகும்.