45 நாள் குட்டியும் மூன்றாம் நாள் வாந்தியும்

இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த கேள்விகள் எல்லாமே கடையில் வாங்கிய நாய்க்குட்டிகளைப் பற்றியவை. எல்லோரும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள். குட்டி வீட்டுக்கு வந்த தேதியையும், முதல் அறிகுறி தெரிந்த தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நோய் கடையிலிருந்து வந்ததா, உங்கள் வீட்டில் தொற்றியதா என்பதற்கும் விடை பெரும்பாலும் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பிராட்வே பக்கம் ஒரு கடையில் லேப்ரடார் குட்டி வாங்கினோம். 45 நாள், ஊசி போட்டாச்சு என்று அட்டையும் கொடுத்தார்கள். செவ்வாய் ராத்திரியிலிருந்து மஞ்சள் நுரையாக வாந்தி. இன்று காலையில் தண்ணீர் மாதிரி, செம்பழுப்பாக, மூக்கைப் பிடிக்க வைக்கிற நாற்றத்தோடு போகிறது. "இடம் மாறினா அப்படித்தான், மோர் ஊத்துங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர். காத்திருக்கலாமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

உங்களுக்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக விரிவாக எழுதுகிறோம்.

காத்திருக்கக் கூடாது. இடம் மாறினால் குட்டிக்கு வயிறு கலங்குவது உண்மைதான். ஆனால் அந்தக் குட்டி விளையாடும், சாப்பாட்டுக்கு ஓடி வரும், மலம் கூழ் போல இருக்கும், அவ்வளவே. வாந்தி, சோர்வு, ரத்தம் கலந்து நாறும் பேதி மூன்றும் சேர்ந்தால் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த வைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி காட்ட பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். உங்கள் குட்டிக்கு வாங்கிய மூன்றாம் நாளே வாந்தி வந்துவிட்டது. அப்படியானால் வைரஸ் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போதே அதன் வயிற்றில் இருந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ, ஈறு ஈரமில்லாமல் விரலில் ஒட்டினாலோ நீர் வற்றிவிட்டது என்று பொருள். தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கம் குட்டிகளிடம் அவ்வளவாக நம்பத்தக்கதல்ல, அவற்றின் தோலே தொளதொளவென்றுதான் இருக்கும். தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலத்துக்குள் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரியான அளவு. 103.5-ஐத் தாண்டினால் காய்ச்சல். 99-க்குக் கீழே போனால் காய்ச்சலைவிட மோசம். துண்டில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணிக்கு வெளியே வைத்து எடுத்துப் போங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, பிறகு நீங்கள் மட்டும் ஏறிப் பார்த்துக் கழித்தால் அதன் எடை தெரிந்துவிடும். மலத்தில் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி அட்டையும் கையில் இருக்கட்டும்.

வாந்தி நிற்காத குட்டியின் வாயில் மோர், வெந்தயத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எதையும் சிரிஞ்சால் ஊற்றாதீர்கள். சோர்ந்த குட்டிக்கு அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் முடியும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுப்பதும், பேதியை நிறுத்த நம் லோபரமைடு மாத்திரை கொடுப்பதும் நோயைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாதவரம் பால்பண்ணைப் பக்கத்தில் உள்ள பல்கலைக்கழகக் கிளை மருத்துவமனை, வீட்டருகே இருக்கும் கிளினிக், எது சீக்கிரம் போக முடியுமோ அங்கே போங்கள். வாசலிலேயே "பார்வோவா இருக்கும்னு சந்தேகம்" என்று சொல்லிவிடுங்கள். குட்டியைத் தரையில் இறக்காமல் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருங்கள். பக்கத்தில் ஊசி போட வந்திருக்கும் குட்டிக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.

மலத்தில் குச்சி தொட்டுப் பார்க்கும் கிட் சோதனை பத்து, பதினைந்து நிமிடத்தில் விடை சொல்லும். சமீபத்தில் ஊசி போட்டிருந்தால் அந்த ஊசியிலுள்ள வைரஸே மெல்லிய கோடு காட்டலாம். அதனால் ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வோவில் அது சடாரென்று விழும்.

வைரஸைக் கொல்ல நம் ஊர்க் கடைகளில் மருந்து கிடையாது. சிகிச்சை என்பது குட்டியின் உடம்பே ஜெயிக்கும்வரை அதை உயிரோடு நிறுத்தி வைப்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோ குட்டிக்கு 10 சதவீதம் நீர் வற்றியிருந்தால் பாக்கியே 300 மில்லி. அன்றாடத் தேவையும், வாந்தி பேதியில் தொடர்ந்து போவதும் அதற்கு மேல். ஆகவே "ஒரு டிரிப் போட்டாச்சு, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்பது மோசமான கேஸ்களுக்குப் போதாது. தோலுக்கடியில் ஏற்றும் நீரும் அந்த நிலையில் உறிஞ்சப்படாது, கட்டியாக அங்கேயே நிற்கும். நரம்பில் போக வேண்டும், சர்க்கரையும் பொட்டாசியமும் பார்த்துச் சேர்க்க வேண்டும், வாந்தியை அடக்க ஊசி வேண்டும். குடல் சுவர் உரிந்துபோவதால் அங்குள்ள பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது. ஆன்டிபயாட்டிக் அதற்காகத்தான், வைரஸுக்காக அல்ல. முதல் மூன்று நான்கு நாள் தாண்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வாந்தி அடங்கியதும் அரிசிக் கஞ்சியோடு உப்பில்லாமல் வேகவைத்து மசித்த கோழி, ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

ஊசி போட்டும் ஏன் வந்தது? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி 45 நாளில் பல குட்டிகளுக்கு இன்னும் மிச்சம் இருக்கும். அது ஊசி மருந்தை வேலை செய்ய விடாமல் அடித்துவிடும். ஆனால் உண்மையான வைரஸைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது. அந்த இடைவெளியில்தான் குட்டி மாட்டிக்கொள்கிறது. ஒற்றை ஊசி ஒருபோதும் முழுப் பாதுகாப்பு அல்ல. அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பேட்ச் எண், டாக்டரின் பதிவு எண்ணோடு முத்திரை இல்லையென்றால் அந்த ஒற்றை ஊசியும் சந்தேகமே. இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சென்னை வெயிலில் கடை மேஜை மேல் கிடந்த குப்பியில் தண்ணீர்தான் மிச்சம்.

பார்வோவில் குட்டி இறந்துவிட்டது. லைன் வீடு, பொது வராண்டா. பக்கத்து வீட்டிலும் நாய் உண்டு. தினமும் பினாயில் போட்டுக் கழுவுகிறோம். போதுமா? குழந்தைக்கு ஒட்டுமா?
– ராயபுரம் வாசகி

நாய்க்கு வரும் பார்வோ குழந்தைக்கு வராது. வருத்தத்தோடு இந்தப் பயமும் வேண்டாம்.

பினாயில் போதாது. வாசனை வரும், வைரஸ் போகாது. முதலில் சோப்புத் தண்ணீரால் மலம், வாந்தி ஒரு துளி இல்லாமல் கழுவுங்கள். அழுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்றுவிடும். பிறகு பிளீச்சிங் பவுடர், புதிய பாக்கெட், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி நிறைய. கலக்கி, தெளிந்த நீரை இறுத்துத் தரையில் விட்டு 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டுக் கழுவுங்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் பறந்திருக்கும், இரண்டு பங்கு போட்டாலும் நிச்சயமில்லை. டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும். கிண்ணம், கழுத்துப்பட்டை, செருப்பின் அடிப்பாகம் எல்லாம் கணக்கில் உண்டு. படுத்த சாக்கை எரித்துவிடலாம், மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சிமென்ட் தரையைச் சுத்தம் செய்யலாம். வராண்டாவுக்கு வெளியே மண் இருந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வைரஸ் மாதக்கணக்கில், நிழலான இடத்தில் ஒரு வருஷம்கூட இருக்கும். அடுத்த குட்டி வேண்டுமானால் ஊசி எல்லாம் முடிந்த, நான்கைந்து மாதம் தாண்டியதாக எடுங்கள். பக்கத்து வீட்டு நாய்க்கு வருடாந்தர ஊசி விட்டுப்போயிருந்தால் இன்றே போடச் சொல்லுங்கள்.

ஷிட்சூ குட்டி, வாங்கி நான்கு நாள். ராத்திரி நன்றாக விளையாடியது. விடிந்ததும் பார்த்தால் தலை ஆடுகிறது, கால் நிற்கவில்லை, உடம்பு சில்லென்று இருக்கிறது. வலிப்பா?
– பெரம்பூர் வாசகி

பெரும்பாலும் சர்க்கரை இறங்கியதுதான். கையளவு குட்டிக்கு ஈரலில் சேமிப்பு மிகக் குறைவு. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, ஏசி அறையில் காலை எட்டு வரை கிடந்தால் தாங்காது. தேனையோ, கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் எடுத்து ஈறில் தேயுங்கள். மயங்கிக் கிடந்தால் வாய்க்குள் ஊற்ற வேண்டாம், தேய்த்தாலே போதும். ஐந்து பத்து நிமிடத்தில் தலை தூக்கினால் நனைத்த குட்டி உணவு கொடுங்கள். தூக்கினாலும் தூக்காவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் சாப்பிடாமல் விட்டதற்குப் பின்னால் பூச்சியோ பார்வோவோ ஒளிந்திருக்கலாம். இனி மூன்று நான்கு மணிக்கு ஒரு வேளை, படுக்கும் முன் ஒன்று, மூன்று மாதம் ஆகும்வரை. ஏசி வேண்டாம். பசும்பாலும் வேண்டாம், பேதியில்தான் முடியும்.

வாங்கிப் பத்து நாள். தொண்டையில் எலும்பு சிக்கியது போல இருமுகிறது. கடைக்காரர் கொடுத்த இருமல் டானிக் ஊற்றலாமா?
– கொளத்தூர் வாசகர்

ஊற்றாதீர்கள். கூண்டுகள் நெருக்கமாக இருக்கும் கடைகளில் பரவும் கென்னல் காஃப் அப்படித்தான் கேட்கும். குட்டி சாப்பிட்டு விளையாடினால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை போடுங்கள், கழுத்தில் இழுத்தால் இருமல் கூடும். ஆனால் கண்ணிலும் மூக்கிலும் சளி கெட்டியாக, பச்சை மஞ்சளாக வந்தால், காய்ச்சல் ஒரு முறை வந்து போய் மறுபடி வந்தால், டிஸ்டெம்பர் (நரம்புவரை தாக்கும் வைரஸ் நோய்) சோதனை கேளுங்கள். அது தெரிய ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை ஆகும், ஆகவே பத்தாம் நாள் இருமலுக்கும் கடையே காரணமாக இருக்கலாம். சளி அடங்கிய பிறகும் சில வாரம் தாடையோ காலோ வெட்டி வெட்டி இழுக்கிறதா என்று பாருங்கள்.

காதுக்குள் உண்ணி. மாட்டுக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டச் சொல்கிறார்கள்.
– கொடுங்கையூர் வாசகர்

வேண்டாம். அளவு கொஞ்சம் தப்பினாலும் குட்டி நடுங்கிப் போகும், நக்கினால் இன்னும் மோசம். குட்டிகளுக்கென்றே உள்ள ஃபிப்ரோனில் ஸ்ப்ரே டாக்டர் சொல்லும் அளவில். கண்ணில் படுவதை ட்வீஸரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். விரல் இடுக்கையும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் காட்டும்: ஈறு வெளுப்பு, காபி நிறச் சிறுநீர்.

மருத்துவச் செலவு குட்டியின் விலையைத் தாண்டிவிட்டது. "உயிருக்குப் பொறுப்பில்லை" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாதா?
– வியாசர்பாடி வாசகர்

அந்த வரி இருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. 8 வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்பது 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதி. கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஊரெல்லாம் "45 நாள் குட்டி" என்று வாய்கூசாமல் விற்கிறார்களே, 45 நாள் என்பது ஆறரை வாரம்தான். தங்கள் மீறலைத் தாங்களே பில்லில் எழுதிக் கொடுக்கிறார்கள். வயதையே கூட்டிச் சொல்வதும் உண்டு. 8 வாரத்தில் 28 பால் பற்களும் வந்திருக்க வேண்டும். லேப்ரடார் போன்ற பெரிய இனத்தில் பின்பக்கப் பற்கள் இன்னும் ஈறுக்குள் இருந்தால் டாக்டரிடம் அதை எழுதி வாங்குங்கள்.

பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, ஊசி அட்டை, தேதியோடு பரிசோதனை முடிவு, மருத்துவச் செலவு ரசீதுகள். குட்டி இறந்துவிட்டால் உடற்கூறாய்வு அறிக்கை. அதற்கு உடலை ஐஸ்கட்டி சுற்றி அன்றே கொண்டு போங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு சிதைந்து சோதனைக்கு உதவாது. முதலில் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம், 15 நாள் அவகாசம். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார், பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. கடையில் போய்ச் சண்டை போட்டு "வேற குட்டி எடுத்துக்கோங்க" என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அதே கூண்டு, அதே வைரஸ்.

எங்கள் குட்டி நன்றாக இருக்கிறது. 60 நாள். கடற்கரைக்கு எப்போது கூட்டிப் போகலாம்?
– திருவொற்றியூர் வாசகி

ஊசி 3 முதல் 4 வார இடைவெளியில், கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்னால் முடியக் கூடாது. ரேபிஸ் ஊசி 12 வாரத்தில். பூச்சி மருந்து எடை பார்த்து, இப்போது 15 நாளுக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. இது குழந்தைகளுக்காகவும்தான், உருண்டைப் புழு மனிதருக்கும் வரும். கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து வெளியே நடக்கட்டும். அதுவரை மொட்டை மாடி போதும். கூட்டம், சத்தம், அலை எல்லாம் பழகட்டும் என்றால் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், மணலில் மட்டும் இறக்காதீர்கள்.