சூரியக் காற்றை ஆராயும் வேலை: சுங்கை சிப்புட் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மாணவர்களையும் பெற்றோரையும் சந்தித்தபோது பலர் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். நேரம் போதவில்லை. விட்டுப்போன கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் லிந்தாங் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், விண்கலங்கள் அனுப்பும் தரவுகளைக் கொண்டு சூரியக் காற்றை ஆராய்கிறேன்.

நாலாம் படிவ மாணவி: அக்கா, விண்வெளியில் காற்றே கிடையாதே. சூரியனிலிருந்து எப்படிக் காற்று வரும்?

நாம் மூச்சு விடும் காற்று இல்லை தங்கச்சி. சூரியனின் வெளி அடுக்கான கொரோனா பத்து லட்சம் டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் புரோட்டானும் எலக்ட்ரானும் சூரியனின் ஈர்ப்பையும் மீறிக்கொண்டு வெளியே பாய்கின்றன. வேகம் வினாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர். பூமிக்கு வந்து சேர நான்கு நாள் போல ஆகும். அதற்குள் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து துகள் அளவுக்கு மெலிந்துவிடும்.

1958-இல் யூஜின் பார்க்கர் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது, கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் வேண்டாம் என்றார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. ஆனால் கணக்கில் பிழை இல்லை என்பதால் வெளியிட்டார். 1962-இல் மாரினர் 2 விண்கலம் வெள்ளிக் கோளுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காற்றை அளந்து காட்டியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இதுதான்.

இஞ்சினியரிங் படிக்கும் தம்பி: தினமும் என்னதான் வேலை, அக்கா?

பெரும்பாலும் எண்களோடுதான் மல்லுக்கட்டு. நிமிடத்துக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள். அதில் காந்தப்புலத்தின் மூன்று திசை மதிப்புகள், வேகம், அடர்த்தி, வெப்பநிலை இருக்கும். தரவு கிடைக்காத இடத்தில் 9999.99 என்று போட்டிருப்பார்கள். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் எல்லாம் பாழ். அதனால் சுத்தம் செய்வதற்கே பாதி நாள் போய்விடும்.

அப்புறம்தான் சுவாரசியம். 2018-இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கியபோது, காந்தப்புலம் திடீரென்று எதிர்த்திசைக்குத் திரும்பி மறுபடி பழைய நிலைக்கு வருவதை அடிக்கடி பதிவு செய்தது. சில வினாடியும் இருக்கும், பல நிமிடமும் இருக்கும். இது வெறும் மடிப்பா, இல்லை சூரியனின் வேறொரு பகுதியிலிருந்து வந்த காந்தக் கோடா? இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரான் கற்றையைப் பார்ப்போம். அது காந்தக் கோட்டை ஒட்டியே சூரியனை விட்டு ஓடும். கோடு திரும்பிய இடத்தில் கற்றையும் கூடவே திரும்பியிருந்தால் மடிப்பு. கோடு திரும்பியும் கற்றை வெளிப்பக்கமே போய்க்கொண்டிருந்தால் வேறு பகுதி. இந்த மடிப்புகள் எங்கே, எப்படி உருவாகின்றன என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. நானும் அதில்தான் இருக்கிறேன்.

ஆறாம் வகுப்பு மாணவன்: ராக்கெட்டில் போவீங்களா?

இல்லை கண்ணா. நாற்காலிதான்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்): செம்பனைத் தோட்டத்துக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டாம்மா?

உண்டு ஐயா. வரும் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் அதன் ஆற்றல் பூமியின் காந்த மண்டலத்துக்குள் எளிதாகப் புகுந்து காந்தப்புயலைக் கிளப்பும். 2024 மே மாதம் வந்த பெரும்புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறின, விதைப்பு நேரத்தில். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். இங்கே புயல் இல்லாத நாளிலும் பொழுது சாய்ந்த பிறகு அயன மண்டலம் (ஜிபிஎஸ் அலைகள் கடந்து வரும், மின்னூட்டத் துகள்கள் உள்ள மேல்வான அடுக்கு) கலங்கி ஜிபிஎஸ் பிசகும். ட்ரோனை வைத்து மரத்தை எண்ணும் தோட்டத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சிலாங்கூரின் பாங்கி நகரில் உள்ள யு.கே.எம். எனப்படும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் அயன மண்டலத்தை ஆராய்கிறார்கள்.

ஒரு அம்மா: மகள் இதைப் படிச்சா வேலை கிடைக்குமா? செலவு எவ்வளவு?

மறைக்காமல் சொல்கிறேன் அம்மா. முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோ சம்பளமோ தரும் இடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் ஆய்வு மாணவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள்தான். தோட்டத்து வீட்டை அடகு வைத்துப் படிக்கும் படிப்பு இல்லை இது. பட்டம் வாங்கிய பிறகு ஆய்வுப் பணிகள் இரண்டு மூன்று வருட ஒப்பந்தமாக வரும். ஒவ்வொரு முறையும் ஊர் மாற வேண்டியிருக்கலாம், அது கஷ்டம்தான். துறையை விட்டாலும் தரவைக் கையாளத் தெரிந்தவளுக்கு வங்கியிலும் மென்பொருளிலும் இடம் உண்டு.

பௌதிகப் பட்டதாரி: முனைவர் படிப்புக்கான விளம்பரத்தில் எதைப் பார்ப்பது?

வெளிநாட்டவருக்கும் பணம் உண்டா என்பதை முதலில் பார். சில இடங்களில் உள்நாட்டுக் கட்டணம் அளவுக்குத்தான் தருவார்கள். மிச்சம் உன் தலையில் விழும். அடுத்து, எந்த விண்கலம், எந்தக் கருவி என்று படி. பேராசிரியருக்கு எழுதும்போது "எனக்கு விண்வெளி பிடிக்கும்" என்று எழுதாதே. நீ வரைந்த ஒரு வரைபடத்தை இணைத்து, அதில் புரியாத ஒன்றைக் கேள். பதில் வர வாய்ப்பு அதிகம்.

அதே பட்டதாரி: என்னிடம் பழைய லேப்டாப்தான் இருக்கு.

போதும். பல விண்கலங்கள் அளந்த சூரியக் காற்றைத் தொகுத்து வைத்திருக்கும் நாசாவின் ஆம்னி தரவு எல்லோருக்கும் இலவசம். பைதான் என்ற நிரல் மொழியை நிறுவிக்கொள், அதுவும் இலவசம். 2024 மே 10, 11 தேதிகளை இறக்கி, காந்தப்புலத்தின் வடக்கு-தெற்கு மதிப்பையும் வேகத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரை. தெற்குப் பக்கம் எத்தனை மணி நேரம் தாழ்ந்து கிடந்தது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.