சங்கத்தின் கையால் வரும் உதவி

அன்புள்ள ஐயா,

கடல்பாசி எடுக்கும் பெண்களோடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்துவரும் அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மதுரையில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். களப்பணிக்காக ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபம் ஊருக்கு வந்திருக்கிறேன். சமூகப்பணியாளர் எந்தக் கட்சியையும் சங்கத்தையும் சாராமல் நிற்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். இடதுசாரித் தோழர்களோ, மனு எழுதுவதும் மருத்துவமனைக்குத் துணைபோவதும் வலிக்குத் தடவும் தைலம்தான், நோய் அப்படியே இருக்கும் என்கிறார்கள். அந்த அக்கா எந்தப் பக்கம்? அந்த வாழ்க்கையை நானும் தேர்ந்தெடுக்கலாமா?

ம., முதுகுளத்தூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். பெயரைப் போடக்கூடாது என்ற பழைய நிபந்தனையை நினைவூட்டிவிட்டு, "அந்த மனு எழுதுன நாளப் பத்திச் சொல்லுங்க, போதும்" என்றார். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மரிக்கொழுந்துப் பாசி பவளப்பாறையை இறுகப் பற்றி வளர்வது. மூச்சை அடக்கி மூழ்கி அதைப் பிய்த்தெடுக்கும் பெண்கள் விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் பாறை கிழிக்கும். நலவாரிய விண்ணப்பம் ஒன்றைப் பூர்த்தி செய்துகொண்டிருந்த அக்கா, கடலிலிருந்து அப்போதுதான் ஏறிவந்திருந்த ஒரு பெண்ணின் கட்டைவிரல் துணியைத் தானே அவிழ்த்து, ஈரம் துடைத்து, மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் பதித்தார். ரேகை விழவில்லை, கறுப்பாக ஒரு திட்டுதான் விழுந்தது. மூன்று முறை பதித்தும் அதே திட்டு. அந்தப் பெண் தன் மேல்தான் குற்றம் என்பதுபோல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அக்கா விண்ணப்பத்தை அப்படியே வைத்துவிட்டு, வல்லம் என்னும் படகிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மற்றவர்களைக் கூப்பிட்டு, எல்லாரும் கையை நீட்டுங்கள் என்றார். பதினான்கு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் முதன்முறையாக உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கரையில் சங்கம் பிறந்த மாலை அது.

அந்த நேரத்தில் அவர் செய்தது சமூகப்பணியா, அரசியலா என்று பிரிக்க என்னால் முடியவில்லை. ஒருத்தியின் விண்ணப்பத்தை மட்டும் முடித்துக் கொடுத்திருந்தால் அது உதவியோடு நின்றிருக்கும். விண்ணப்பத்தைத் தொடாமல் வர்க்கம் பற்றி மட்டும் பேசியிருந்தால், பசியோடு கரையேறிய எவரும் நின்று கேட்டிருக்கமாட்டார்கள்.

உங்கள் வகுப்பில் பெர்த்தா ரெனால்ட்ஸ் பெயரைச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் நீங்களே தேடிப் படியுங்கள். 1885-ல் பிறந்த அமெரிக்கச் சமூகப்பணியாளர். ஸ்மித் கல்லூரியில் சமூகப்பணி கற்பித்தவர், மார்க்சியத்தின் பக்கம் வந்து, தொழிற்சங்கம் அமைப்பதை ஆதரித்தமையால் 1938-ல் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் கப்பல் தொழிலாளர்களின் சங்கம். தொண்டு நிறுவனத்தின் வாசலில் கூனிக் குறுகி நிற்கும் மனிதன், தான் சந்தா கட்டிய சங்கத்தில் உரிமையோடு வந்து உதவி கேட்கிறான் என்பதை அவர் அங்கே கண்டார். உதவி ஒன்றாகவே இருக்கலாம். அது யார் கையால் வருகிறது என்பதில் வாங்குகிறவரின் தலை நிமிர்வதும் தாழ்வதும் இருக்கிறது. அக்கா அவரைப் படித்ததில்லை. ஆனாலும் எந்த மனுவையும் தன் பெயரில் அவர் கொடுத்ததே இல்லை. சங்கத்தின் பெயரில், சங்கப் பெண்கள் இருவர் நேரில் போய்க் கொடுப்பதே வழக்கம்.

இந்தக் கரையில் மனு சங்கத்தின் பெயரில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தாயும் பாட்டியும் பாசி எடுத்த அதே தீவோரத்தில் இந்தப் பெண்கள் சட்டத்தின் கண்ணுக்கு அத்துமீறியவர்கள் ஆனார்கள். கடலைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கடலை அழிப்பவர்கள் வரிசையில் முதலில் கண்ணில் பட்டவர்கள் இடுப்பில் பை கட்டிய பெண்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் அதற்குச் சொன்ன பதிலை நீங்கள் நேரில் கேட்க வேண்டும். மாதத்துக்கு 12 நாள்கள் மட்டும் கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமிக்கு 2015-ல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று வழங்கும் சீகாலஜி விருது கிடைத்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதம்கூட நின்றிருக்காது.

தோழர்கள் சொன்ன தைலத்துக்கு வருகிறேன். நானும் இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன், இது எங்களிடம் உள்ள குறை. வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டியவரை மேடையில் உட்கார வைத்தோம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பெண்ணைத் தொண்டர் என்று மட்டும் எண்ணினோம். மூன்றாண்டுத் திட்டத்தோடு வந்து, நிதி முடிந்ததும் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போகும் நிறுவனங்களின் குறை வேறு வகை. பாசியை எடை போடும்போது மண்ணுக்கும் ஈரத்துக்கும் என்று வியாபாரி கழிக்கும் கிலோக்களைப் பற்றி அவர்களுடைய அறிக்கையில் ஒரு வரிகூட வராது. கொடுத்த முன்பணத்துக்காக வியாபாரி சொன்ன விலைக்கே பாசியைப் போடும் பெண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி அந்தத் தராசுதான்.

தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா தையல் மிஷினை நம்பித்தான் இத்தனை ஆண்டுகளும் வாழ்ந்தார். சங்கம் அவருக்குச் சம்பளம் தந்ததில்லை. கணவர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்த மிஷின்தான் படிக்க வைத்தது. பிள்ளைகளுக்கு அவர்மேல் இன்னும் தீராத மனத்தாங்கல் உண்டு. அதை அவர் நியாயமென்றே ஏற்றுக்கொள்கிறார். ஆகவே முதலில் உங்கள் வயிற்றுக்கு ஒரு தொழிலை உறுதி செய்துகொள்ளுங்கள். படிப்பையும் பாதியில் விடாதீர்கள். சட்டமும் அரசாணையும் வாசித்துச் சொல்ல இந்தக் கரையில் ஆள் போதாது.

கடலில் இறங்கும் நாள்களில் வந்தால் பெண்களுக்குப் பேச நேரமிருக்காது. அவர்கள் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். விண்ணப்பங்களை இப்போது எழுதுவது அக்கா அல்ல, அன்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டவரின் மகள். வரும்போது நல்ல மைப்பெட்டி ஒன்று வாங்கி வரச் சொன்னார்.